கொடைக்கானல்: வெயிலுக்குப் பயந்தவர்கள் கட்டிய ஊர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். கண்மாய் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக் கருவேல்தான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் நாய்கூட நிழலை விட்டு எழுந்திருக்காது. அந்த நேரத்தில் டீக்கடை பெஞ்சில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: "பேசாம கொடைக்கானல் போயிரலாம்ப்பா." போகிறவர் பத்துக்கு ஒருவர்தான். ஆனால் சொல்லாதவர் கிடையாது.

இதே பூமியில் நின்றுகொண்டு சுமார் 180 வருடங்களுக்கு முன்னால் சிலர் இதே வார்த்தையைச் சொன்னார்கள். அவர்கள் தேனிலவுக்கோ படகு விடவோ போகவில்லை. உயிர் பிழைத்தால் போதும் என்று மலை ஏறினார்கள். அப்படி ஏறியவர்களால் உண்டான ஊர்தான் கொடைக்கானல்.

சுற்றுலாப் புத்தகங்களில் வழக்கமாக ஒரு வரி இருக்கும், "ஆங்கிலேயர்கள் கண்டுபிடித்த அழகிய மலைவாசஸ்தலம்" என்று. இந்த ஒரு வரியில் இரண்டு தப்பு இருக்கிறது. ஊரை உண்டாக்கியவர்கள் ஆங்கிலேயர்கள் இல்லை, அமெரிக்கர்கள். அவர்கள் யாரும் அதைக் கண்டுபிடிக்கவும் இல்லை.

இரண்டாவது தப்பை முதலில் பார்ப்போம். பழனி மலைத்தொடரில் தாண்டிக்குடி முதலான இடங்களில் பெரிய பெரிய கல்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடி வைத்த கல்திட்டைகள் நிறைய இருக்கின்றன. வரலாற்றுக்கு முந்திய ஆட்கள் கட்டியவை. இவற்றைப் பற்றி ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் ஆராய்ந்து எழுதிய நூலை 1928-ல் தொல்லியல் துறையே வெளியிட்டது. அப்புறம் சங்க காலம். மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துப் போர்வையைக் கொடுத்தானே பேகன், அவன் ஆண்டது இந்தப் பழனி மலைப் பகுதியைத்தான். மயிலுக்கே போர்வை கொடுக்கத் தோன்றுகிற அளவுக்கு அங்கே குளிர் அடிக்கும் என்பது நம்ம ஆட்களுக்கு அப்போதே தெரிந்த சேதி! அதற்குப் பிறகும் பளியர், புலையர் ஆகியோரும், கொங்குச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்று சொல்லப்படும் குன்னுவரும் அங்கே ஊர் கட்டி, காட்டைத் திருத்தி வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

1821-ல் லெப்டினன்ட் வார்டு என்ற சர்வே அதிகாரி மேலே போகிறார். கம்பெனிக்காக மலையை அளந்து படம் போடுவது அவருடைய வேலை. அவர் தங்கியது வெள்ளகவி என்ற குன்னுவர் கிராமத்தில். அங்கிருந்துதான் மேலே ஏறினார். ஆக "கண்டுபிடித்தவர்" வழி தெரிந்துகொண்டதே அந்த ஊரில் இருந்துதான். பிறகு 1834-ல் மதுரை சப்-கலெக்டர் ராட்டன், காட்டன் என்ற இன்னொரு அதிகாரியுடன் தேவதானப்பட்டி வழியாக ஏறி, செண்பகனூர் பக்கம் ஒரு சின்ன பங்களா கட்டிக்கொண்டார். 1836-ல் தாவர ஆராய்ச்சியாளர் ராபர்ட் வைட் வந்து செடி கொடிகளைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். வந்தார்கள், பார்த்தார்கள், இறங்கிவிட்டார்கள். ஊர் என்று ஒன்று இன்னும் உருவாகவில்லை.

இனிமேல்தான் அமெரிக்கர்கள் கதைக்குள் வருகிறார்கள்.

பாஸ்டன் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் அமைப்பு, 1816 முதலே யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியுமாக வேலை செய்துவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிக்குள் மற்ற நாட்டு மிஷனரிகள் நுழைவது அவ்வளவு லேசு இல்லை. 1833-ம் ஆண்டு சாசனச் சட்டம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. அடுத்த வருடமே, 1834-ல், யாழ்ப்பாணத்து மிஷனரிகள் கடலைத் தாண்டி மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள். தமிழ் ஏற்கனவே அங்கே படித்தாகிவிட்டது. மதுரையில் தொடங்கி திண்டுக்கல், திருமங்கலம், பசுமலை என்று ஒவ்வொன்றாக நிலையம் அமைத்தார்கள். ராமநாதபுரம் ஜமீனுக்குள் திருச்சுழி பக்கத்து மண்டபசாலையிலும் ஒரு நிலையம் வந்தது. பின்னால் அருப்புக்கோட்டையிலும் வந்தது.

மண்டபசாலை போன்ற ஒரு கரிசல் கிராமத்தில், நியூ இங்கிலாந்தின் பனியில் பிறந்து வளர்ந்த ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? மின்விசிறி இல்லை, ஐஸ் இல்லை. குடிதண்ணீர் ஊருணியில் இருந்து வர வேண்டும். காலரா, மலேரியா, சீதபேதி எல்லாம் வரிசையாகக் காத்திருந்தன. முதல் பத்து வருடத்திலேயே மிஷனரிகளும் அவர்கள் மனைவிமார்களும் கைக்குழந்தைகளுமாகப் பலர் இறந்துபோனார்கள். பிழைத்தவர்களிலும் சிலர் உடம்பு கெட்டு ஊர் திரும்பிவிட்டார்கள்.

அன்றைக்கு யாருக்கும் இந்த நோய்களின் காரணம் தெரியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காலரா தண்ணீரால் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ காட்டியது 1854-ல். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் நிரூபித்தது 1897-ல், அதுவும் இதே இந்தியாவில். 1840-களில் இருந்த ஒரே விளக்கம் "கெட்ட காற்று". கெட்ட காற்றுக்கு மருந்து நல்ல காற்று. நல்ல காற்று உயரத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் அவர்களுடைய மருத்துவம்.

முதலில் பக்கத்தில் இருக்கிறதே என்று சிறுமலைக்குப் போனார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. இப்போது யோசித்தால் காரணம் புரிகிறது. சிறுமலையின் உயரம் கொசுவை விரட்டப் போதாது. காடு வேறு அடர்த்தி. காரணம் தெரியாமலே அவர்கள் எடுத்த முடிவு "இன்னும் மேலே போவோம்" என்பது. கொடைக்கானல் ஏழாயிரம் அடி. அங்கே குளிர் கொசுவுக்கு ஆகாது. ஆக, தப்பான காரணத்தை நம்பிச் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

1845-ல் இரண்டு பங்களாக்கள் எழும்பின. ஒன்றுக்கு சன்னி சைடு என்று பெயர், இன்னொன்றுக்கு ஷெல்டன். ஆறு அமெரிக்கக் குடும்பங்கள் அந்த இரண்டு வீட்டையும் பங்கிட்டுக்கொண்டன. கொடைக்கானல் என்ற ஊருக்குப் பிறந்த தேதி குறிப்பதானால் அந்த 1845-தான். பங்களாக்கள் இருந்த குன்றுக்கு அவர்கள் வைத்த பெயர் நெபோ மலை. பைபிளில் மோசே வாக்களிக்கப்பட்ட தேசத்தைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அதற்குள் போகாமலே இறந்துபோகிற மலை அது. சுகம் தேடி வந்த இடத்துக்கு இப்படி ஒரு பெயரா என்று தோன்றுகிறது. ஒருவேளை மேலிருந்து பார்க்கும்போது கீழே மதுரைச் சமவெளி அவர்களுக்கு அப்படித் தெரிந்ததோ என்னவோ.

இதில் ஒரு வரவு செலவுக் கணக்கும் இருக்கிறது. ஒரு மிஷனரியை அமெரிக்காவில் படிக்க வைத்து, கப்பல் கட்டணம் கொடுத்து, மாதக்கணக்கில் கடலில் கொண்டுவந்து, இரண்டு மூன்று வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்து, அவர் வேலை செய்யத் தயாராகிற நேரத்தில் காலராவில் போய்விட்டால் அத்தனை செலவும் வீண். அதோடு ஒப்பிட்டால் மலையில் இரண்டு கல்வீடு கட்டுவது ரொம்ப மலிவு. பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், கொடைக்கானல் ஒரு நல்ல முதலீடு!

அந்தக் கணக்கில் வராதவர்களும் உண்டு. காலரா வெள்ளைத்தோல் பார்த்து வரவில்லை. அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கும், திருச்சுழி சம்சாரிக்கும், மண்டபசாலை மிஷன் பங்களாவில் சமைத்தவருக்கும் சேர்த்துத்தான் வந்தது. அவர்களுக்கு ஏறிப்போக எந்த மலையும் இல்லை. ஊர் எல்லையில் காளிக்குப் பொங்கல் வைத்துவிட்டு, யார் மிஞ்சுகிறார்களோ பார்ப்போம் என்று இருக்க வேண்டியதுதான்.

மலைக்குப் போவது அப்போது ஒரு பெரிய யாத்திரை. திருச்சுழி பக்கமிருந்து மதுரை, அங்கிருந்து பெரியகுளம் என்று மாட்டு வண்டியில் போக வேண்டும். பகல் வெயிலில் மாடும் தாங்காது, மனுஷரும் தாங்கமாட்டார்கள் என்பதால் ராத்திரிப் பயணம். நாலைந்து ராத்திரிகள் ஆகிவிடும். பெரியகுளத்துக்குப் பக்கத்தில் மலை அடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு என்று ஒரு இடம். அங்கே வண்டி நின்றுவிடும். அதற்கு மேல் சுமார் 12 மைல் ஒற்றையடிப் பாதை. தெம்பு உள்ளவர்கள் நடந்தோ குதிரையிலோ போனார்கள். பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் டோலியில் போனார்கள். டோலி என்றால் மூங்கிலில் கட்டிய நாற்காலி. கூலி ஆட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். துரைசானிகள் மட்டுமா? பெட்டி, கட்டில், பாத்திரம், கண்ணாடிச் சாமான், பின்னால் பியானோ வரைக்கும் எல்லாமே மனுஷத் தோளில்தான் மேலே போனது. 1875-ல் மதுரைக்கு ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன் (இன்றைய கொடை ரோடு) வரை ரயிலில் வர முடிந்தது. ஆனால் மலைப்பாதை மாறவில்லை, தோளும் மாறவில்லை.

அமெரிக்கர்கள் வழிகாட்டிய பிறகு ஆங்கிலேயர்கள் சும்மா இருப்பார்களா? 1852-ல் பம்பாய் ராணுவத்தைச் சேர்ந்த மேஜர் பார்ட்ரிட்ஜ் வந்து வீடு கட்டி நிரந்தரமாகக் குடியேறினார். ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் மரத்தையும் வேல மர வகைகளையும் கொண்டுவந்தவர் அவர்தான். இன்றைக்குக் கொடைக்கானல் என்றதும் மூக்கில் ஏறுகிற தைல வாசனை அந்த மலையின் சொந்த வாசனை இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சொந்தக்காரர்கள் சோலைக்காடும் புல்வெளியும். அந்தப் புல்வெளியில் 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சியும்தான்.

ஊருக்கு முகம் கொடுத்தவர் என்றால் சர் வியர் ஹென்றி லெவின்ஜ். மதுரை கலெக்டராக இருந்தவர். 1863-ல் ஒரு ஓடையை மறித்துக் கரை போட்டு ஏரி உண்டாக்கினார். நட்சத்திர வடிவம், சுமார் 60 ஏக்கர். தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார். மலைமேல் படகைத் தூக்கி வந்தவர்களின் பெயர் எதிலும் இல்லை. 1867-ல் ஓய்வு பெற்ற பிறகு கொடைக்கானலிலேயே தங்கி, 1885-ல் இறக்கும்வரை ரோடு போடுவது, மரம் வைப்பது என்று இருந்தார். ஏரி இயற்கையானது என்று நினைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறவர்கள் இன்றைக்கும் நிறைய. உண்மையில் அதுவும் ஒரு கண்மாய்தான்! கரை போட்டுத் தண்ணீரைத் தேக்குவது கரிசல்காட்டு ஆட்களுக்குப் புதிதா என்ன? கீழே கண்மாய் வெட்டியது பயிருக்கு. மேலே வெட்டியது படகுக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

1872-ல் லெப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பை ஒட்டி ஒரு நடைபாதை போட்டார். இன்றைய கோக்கர்ஸ் வாக். மேகம் இல்லாத நாளில் அங்கே நின்றால் கீழே சமவெளி முழுக்க விரிந்து தெரியும். சாயங்காலம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அந்தப் பாதையில் நடந்தவர்கள், கீழே கானல் பறந்துகொண்டிருந்த அதே பூமியை ஒரு காட்சியாகப் பார்த்தார்கள். நான்கு வருடம் கழித்து அந்தக் காட்சிக்குள் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கதையிலேயே கனமான பகுதி.

1876-ல் மழை பொய்த்தது. தமிழ் வருடக் கணக்கில் அது தாது வருஷம். தாது வருஷப் பஞ்சம் என்ற பெயரை இன்றைக்கும் தென் மாவட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். அவர்கள் பார்த்தது இல்லை. அவர்களுடைய தாத்தாவின் தாத்தா சொன்னது. சென்னை மாகாணத்தில் மட்டும் லட்சக்கணக்கில் செத்தார்கள். தானியம் இல்லாமல் போகவில்லை, விலைதான் கைக்கு எட்டாமல் போனது. 1877 ஜனவரி 1-ம் தேதி விக்டோரியா ராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் பெரிய தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி சிக்கனம் பார்க்க சென்னைக்கு அனுப்பப்பட்டார். நிவாரண வேலையில் கல் உடைக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று அவர் கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்கக் கல் உடைக்க வேண்டும்.

ராமநாதபுரம் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் இந்தக் காலத்தில் கும்பல் கும்பலாக ஜனங்கள் கிளம்பினார்கள். அவர்களும் மலைக்குத்தான் போனார்கள்! ஆனால் அது கடல் தாண்டி இலங்கையில் கண்டிச் சீமை மலை. கங்காணி பின்னால் கடற்கரை வரை நடை, அங்கிருந்து தோணி, மன்னாரில் இறங்கி மாத்தளை வரை மறுபடியும் காட்டுப் பாதை. வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1830-களில் காப்பித் தோட்டத்துக்காகத் தொடங்கிய இந்த நடை, தாது வருஷத்தில் பெருவெள்ளமாகிவிட்டது. ஒரே கரிசலிலிருந்து இரண்டு கூட்டம் மலைக்குப் புறப்பட்டது. ஒரு கூட்டம் டோலியில் கொடைக்கானலுக்கு, இன்னொரு கூட்டம் கால்நடையாகக் கண்டிக்கு. பழனி மலையின் கீழ்ப்பகுதிக் காப்பித் தோட்டங்களுக்கும் கீழேயிருந்துதான் கூலி ஆட்கள் ஏறினார்கள்.

பஞ்சம் ஓய்ந்த பிறகு அரசாங்கம் வழக்கம்போல ஒரு கமிஷன் போட்டது. மழை ஏன் பொய்க்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் காலத்தில் சில விஞ்ஞானிகளுக்கு ஒரு பலமான சந்தேகம்: சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் பருவமழைக்கும் சம்பந்தம் இருக்குமோ? அப்படியானால் சூரியனைத் தினமும் கவனிக்க வேண்டும். அதற்குத் தூசி இல்லாத, வெயில் தெளிவாக விழுகிற உயரமான இடம் வேண்டும். 1893-ல் லண்டனில் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடத்தின் கருவிகள் மலை ஏறின. மிக்கி ஸ்மித் முதல் இயக்குநர். 1899-ல் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் பிறந்தது.

ஆக, சுற்றுலாப் பஸ்ஸில் வருகிறவர்கள் "அப்சர்வேட்டரி" என்று பத்து நிமிடம் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிற அந்தக் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் தாது வருஷப் பஞ்சம் இருக்கிறது. கரிசல்காட்டில் ஏன் மழை இல்லை என்ற கேள்விக்கு ஏழாயிரம் அடிக்கு மேல் உட்கார்ந்து பதில் தேடினார்கள்.

பதில் கிடைத்ததா? அங்கே கிடைக்கவில்லை. 1909-ல் ஜான் எவர்ஷெட் அங்கே கரும்புள்ளிகளைச் சுற்றி வாயுக்கள் வெளிப்பக்கம் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனை எடுத்த படங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. உலக விஞ்ஞானிகளுக்கு அது ஒரு பொக்கிஷம். ஆனால் மழைக்கான பதில் சூரியப் புள்ளியில் இல்லை. இந்திய வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக் கடல் பக்கம் காற்றழுத்தம் ஊஞ்சல் மாதிரி ஆடுவதற்கும் நம் மழைக்கும் உறவு இருப்பதை 1920-களில் காட்டினார். எல் நினோ என்று இப்போது பத்திரிகையில் படிக்கிறோமே, அந்தக் குடும்பத்து விஷயம்தான் அது. 1877-78-ல் அடித்தது ஒரு பயங்கரமான எல் நினோ. மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள், விஷயம் கடலில் இருந்திருக்கிறது.

இந்த மிஷனோடு சம்பந்தப்பட்ட இன்னொரு மலைக் கதையும் சொல்லாமல் விட மனமில்லை. 1879-ல் திருச்சுழியில் வக்கீல் சுந்தரம் அய்யர் வீட்டில் வேங்கடராமன் என்ற பையன் பிறந்தான். அப்பா இறந்த பிறகு மதுரைக்கு வந்து, அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். நடத்திய மிஷனரிகள் வெயில் காலத்தில் கொடைக்கானல் ஏறிக்கொண்டிருந்தபோது, அந்தப் பள்ளியில் படித்த பையன் 1896-ல் யாரிடமும் சொல்லாமல் வேறொரு மலைக்கு ரயில் ஏறினான். திருவண்ணாமலை. வெயிலில் கொடைக்கானலுக்கு நேர் எதிர். 1950-ல் ரமண மகரிஷியாக இறக்கும்வரை அவர் அங்கிருந்து இறங்கவில்லை.

கொடைக்கானலில் அதற்குள் ஒரு முழு ஊர் முளைத்துவிட்டது. 1890-ல் படகுக் குழாம், 1895-ல் கோல்ஃப் மைதானம். அதே 1895-ல் செண்பகனூரில் சேசு சபையினரின் கல்லூரி. 1901-ல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஹைகிளர்க் என்ற பள்ளி தொடங்கியது. இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதுதான். கவர்னர் பரிவாரத்தோடு போகிற ஊட்டி அரசாங்கத்தின் மலை என்றால், கொடைக்கானல் பாதிரியார்களின் மலை. ஊட்டி அளவுக்கு ஆடம்பரம் இல்லை, ஆனால் கதவு அதே அளவு இறுக்கம்தான். உள்ளூர்க்காரர்கள் சமையல்காரராக, ஆயாவாக, தோட்டக்காரராக, டோலி தூக்கியாக மட்டுமே உள்ளே போக முடிந்தது.

அந்தக் கதவை உடைத்தது சுதந்திரப் போராட்டமா என்றால் அதற்கு முன்னால் ஒரு ரோடு. 1916-ல் திறக்கப்பட்ட லாஸ் காட் ரோடு. மேஜர் லா என்பவரின் பெயரால் வந்தது. வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் வண்டி நேராக மேலே ஏறலாம் என்று ஆனதும் டோலித் தொழில் படுத்துவிட்டது. ஜமீன்தார்களும் வக்கீல்களும் வியாபாரிகளும் பங்களா வாங்கினார்கள். 1936-ல் குறிஞ்சி ஆண்டவர் கோயில் எழுந்தது. கட்டியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்து, இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்து இந்து சமயத்தைத் தழுவிய லீலாவதி அம்மையார். மிஷனரிகளின் மலையில் முருகனுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கோயில் கட்டியது, கொடைக்கானலுக்கே உரிய வேடிக்கை.

ரோடு எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. வார்டு 1821-ல் தங்கியிருந்த அதே வெள்ளகவி, 2010-களிலும் பஸ் போகாத ஊராகவே இருந்தது. பிரசவமோ பாம்புக்கடியோ, டோலி கட்டித்தான் ஆளைத் தூக்கி வந்தார்கள். துரைகளுக்கு 1916-லேயே ஒழிந்த டோலி, வழிகாட்டிய ஊருக்கு ஒழியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை வேகமாகிவிட்டது. சினிமா வந்தது. டெவில்ஸ் கிச்சன் என்று அவர்கள் பெயர் வைத்த குகை, 1991-ல் கமல் படத்துக்குப் பிறகு குணா குகை ஆகிவிட்டது. 2006-ல் அதன் பள்ளத்தில் விழுந்த நண்பனைக் கேரளத்து இளைஞர்கள் மீட்டதை வைத்து 2024-ல் வந்த "மஞ்சும்மல் பாய்ஸ்" படத்துக்குப் பிறகு அங்கே கூட்டம் இன்னும் அதிகம். தெற்கே வீட்டிலேயே இருந்தவர்களுக்கு மலை ரேடியோவில் இறங்கி வந்தது. கொடைக்கானல் பண்பலை 100.5! மலை உயரத்தால் அலை எங்கேயோ போகும். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஓடியதும் அதுதான். மலைக்கு ஒரு தடவைகூடப் போகாதவர்கள்கூட அந்தப் பெயரைத் தினமும் நூறு தடவை கேட்டார்கள்.

நல்லதைச் சொன்னால் கெட்டதையும் சொல்ல வேண்டும். 1980-களில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரத்தில் மூடப்பட்ட ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை, இயந்திரங்களோடு கொடைக்கானலுக்கு வந்தது. பின்னால் ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்ததை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளியே கொண்டுவர, 2001-ல் ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 பேருடன் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல்தான். நல்ல காற்றுக்காக அமெரிக்கர்கள் தேடி வந்த மலைக்கு, அமெரிக்காவில் இருந்தே பாதரசமும் வந்து சேர்ந்தது.

கட்டட விதிகளை மீறி ஏழு மாடி ஓட்டல் எழும்பியதும் இதே மலையில்தான். பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் 2000 பிப்ரவரி 2-ம் தேதி ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்த அன்று, தருமபுரியில் வேளாண் பல்கலைக்கழகப் பஸ் கொளுத்தப்பட்டு மூன்று மாணவிகள் இறந்தார்கள். 2001-ல் உயர்நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்துவிட்டது. கல்விச் சுற்றுலா போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அந்தப் பெண்களுக்கும் கொடைக்கானல் ஓட்டலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இப்போது கூட்டம்தான் பிரச்சனை. சித்திரை, வைகாசியில் காட் ரோட்டில் இருந்தே வண்டி வரிசை கட்டி நிற்கிறது. மலை தாங்காது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 6,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். உள்ளூர் வண்டிகளையும் அரசு பஸ்ஸையும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதனால் திருச்சுழியில் இருந்து கிளம்புகிறவர்களுக்கு இன்னும் ஒரு சுலபமான வழி இருக்கிறது. விடிகாலையில் அருப்புக்கோட்டை வந்து, மதுரை போய், ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியது. வத்தலக்குண்டு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வரும்போது ஜன்னலைத் திறந்து வைக்கலாம். அந்த இடத்தில்தான் காற்று மாறும்.